கோபால் சாப்பிட்ட சோறு

என் மனைவியின் வயிறு பெருக ஆரம்பித்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

கல்யாணமாகிப் பல வருடங்கள் பிள்ளை இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். பாக்கியத்துக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. மாதவிலக்கு நின்றது. காலையில் குமட்டியது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோறு என்று சொல்வதுகூடப் பழக்கத்தால்தான். ஜப்பான்காரன் காலத்து மலாக்காவில் எங்களைப் போன்றவர்கள் தின்றது மரவள்ளிக்கிழங்கு. எல்லோர் வயிறும் ஒட்டிக்கிடந்த அந்தக் காலத்தில் அவள் வயிறு மட்டும் மேடிட்டு வந்தது.

மலாக்காவில் காஜா பேராங் என்ற இடத்தில், செட்டிகளின் குடியிருப்பை ஒட்டி எங்கள் அத்தாப்பு (ஓலை வேய்ந்த) வீடு. மலாக்கா செட்டிகள் என்பவர்கள் பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து, இங்குள்ள பெண்களை மணந்துகொண்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். பக்கத்து வீட்டுத் தெய்வானை அவர்களில் ஒருவர். கணவரை இழந்தவர். இரண்டு சின்னப் பிள்ளைகள். அக்கா முறையில் ஒருவரை மலாயில் 'காக்கா' என்று அழைக்கவேண்டும். பாக்கியத்தால் அது முடியவில்லை, சிரிப்பு வந்துவிடும். அதனால் அக்கா என்றே கூப்பிட்டாள். அந்த ஒரு தமிழ்ச் சொல் தெய்வானைக்குப் பிடித்திருந்தது. மற்ற பேச்செல்லாம் மலாய்தான். இங்கே நான் அதைத் தமிழில் எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் கேட் காவலாளி. ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போன பிறகு, கேட் இருந்தது, ரயில் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கிழங்கு போட்டுப் பிழைத்தோம்.

பிள்ளை என்று நாங்கள் நம்பியதற்கு எதிராகச் சில அடையாளங்கள் இருந்தன. பாக்கியத்தின் கால்கள் வீங்கின. அமுக்கினால் குழி விழுந்து, நிரம்ப வெகுநேரம் ஆனது. கைகள் குச்சியாக மெலிந்தன. கண்ணின் வெள்ளை பழுப்பேறியது. பிறகு சில நாள் மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. (கருமலம் என்பார்கள், மேல் குடலில் கசியும் இரத்தம் செரித்துக் கறுத்து வெளியேறுவது.) கிழங்கு மாவு ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அப்படிப் போனால், எதை நினைத்தும் சமாதானம் ஆகாமல் மருத்துவரிடம் போங்கள்.

ஒரு நாள் காலை, நான் கிழங்குப் பாத்தியில் நின்றுகொண்டிருந்தேன். பாக்கியம் பின்வாசலில் வந்து நின்று, "என்னங்க, வாயில இரும்பு ருசியா இருக்கு" என்றாள். சொன்ன வாயை மூடுவதற்குள் குனிந்தாள். சிவப்பாக ஏதோ மண்ணில் விழுந்தது. வெற்றிலை துப்பியதாக ஒரு கணம் நினைத்தேன். அவள் வெற்றிலை போடுகிறவள் அல்ல. மறுபடியும் குனிந்தாள். அந்தத் தடவை அது நிற்கவே இல்லை.

என் சத்தம் கேட்டு வேலியைத் தாண்டி வந்தவர் தெய்வானைதான். பெச்சா (மூன்று சக்கர மிதிவண்டி) பிடித்து, பாக்கியத்தைச் சாய்த்துப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் கட்டில் இருந்தது. கட்டிலின் மேல் விரிக்கத் துணி இல்லை. மருந்து அலமாரியில் புட்டிகள் இருந்தன. பாதிக்கு மேல் காலி. மருந்து, கட்டுத்துணி, சாப்பாடு எல்லாம் நோயாளியின் வீட்டிலிருந்து வரவேண்டும் என்று சொன்னார்கள். சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் எங்களைப் போலவே மெலிந்திருந்தார்கள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நடுத்தர வயது, முழங்கை கிழிந்த சட்டை. "அஞ்சு மாசம் இருக்குங்க, புள்ளத்தாச்சி" என்றேன். அவர் கட்டிலருகே குனிந்தார். பாக்கியத்தின் வயிற்றில் இடது கையை வைத்து, வலது கை விரலால் அதன்மேல் தட்டினார். அவளை ஒருக்களிக்கச் செய்து மறுபடி தட்டினார். சத்தம் இடம் மாறியது. தண்ணீர்ப் பீப்பாயைத் தட்டிப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"தங்கச்சி, இது பிள்ளை இல்லை" என்றார். "தண்ணி."

பாக்கியம் அழவில்லை. அவளிடம் அழப் பலம் இல்லை. கையை வயிற்றிலிருந்து மெல்ல எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ வருடம் ஆகியும் அந்தக் கை நகர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

டாக்டர் என்னை வெளியே அழைத்தார். "இவ குடிக்கிறவவோ?"

"இல்லைங்க. தொட்டதுகூட இல்ல."

"முந்தி எப்பவாவது செங்கமாரி வந்ததோ? மஞ்சள் காமாலை?"

சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருடம் வந்தது. ஒரு மாதம் படுத்திருந்தாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், எழுந்துவிட்டாள். போய்விட்டது என்று மறந்துவிட்டோம்.

"அது போகேல்லை" என்றார். "உள்ளுக்கை இருந்து வேலை செய்திருக்கு."

அவர் சொன்ன வியாதியின் பெயர் சிர்ரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி, இறுகிச் சுருங்கிப்போவது). காய்ந்த பாக்கு மாதிரி ஆகிவிடும் என்றார். குடலிலிருந்து வருகிற இரத்தம் முழுவதும் கல்லீரல் வழியாகத்தான் போகவேண்டும். அங்கே வழி அடைத்தால், அது குறுக்கு வழி தேடி உணவுக்குழாயின் சின்ன இரத்தக் குழாய்களில் ஏறும். அந்தக் குழாய்கள் அவ்வளவு இரத்தத்துக்காக உண்டானவை அல்ல. வீங்கி, மெலிந்து, ஒரு நாள் உடைந்துவிடும். குடிக்கிறவர்களுக்கு வருவது அதிகம் என்பதால் எல்லோரும் முதலில் அதையே கேட்பார்கள். பிற்பாடு எங்கள் தெருவிலும் கேட்டார்கள். உங்களையும் கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

"என்ன மருந்துங்க?"

"ஆடாமல் கிடக்கவேணும். வாயாலை ஒண்டும் குடுக்கக்கூடாது. அது தானா நிண்டால் நிக்கும். போன இரத்தத்துக்கு இரத்தம் குடுக்கவேணும்." கொஞ்சம் நிறுத்தி, "இரத்தம் விக்கிற கடை இல்லை" என்றார்.

நான் கையை நீட்டினேன். என் விரலில் ஒரு சொட்டு எடுத்தார். பாக்கியத்தின் இரத்தத்திலிருந்து தெளிந்து நின்ற நீரில் ஒரு சொட்டு. இரண்டையும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கலந்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பு நீராக இருந்தது என் கண் முன்னாலேயே திரிந்து, மணல் மணலாகப் பிரிந்தது.

"உங்கட இரத்தத்தை அவவின்ரை உடம்பு ஏற்காது. ஏத்தினால் செத்துப்போவா."

இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் தின்றவர்கள் நாங்கள். அந்தக் கண்ணாடித் துண்டை நான் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். உடம்புக்குள் நாம் அறியாத ஒரு சட்டம் இருக்கிறது, அது புருஷன் பெண்டாட்டி பார்ப்பதில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

தெய்வானை முன்னால் வந்தார். அவருடைய சொட்டு திரியவில்லை. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. டாக்டர் அவருடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து உதட்டைக் கடித்தார். உள்ளே வெளுத்திருந்தது.

"உனக்கே காணாது, அம்மா" என்றார் மலாயில்.

"கொஞ்சம் எடுங்க. எல்லாமா கேக்கறாங்க?" என்றார் தெய்வானை.

அரைப் புட்டிதான் எடுத்தார். எடுத்து முடித்தபோது தெய்வானை எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த அரைப் புட்டி பாக்கியத்துக்குள் போயிற்று. மாலைக்குள் இரத்தம் கக்குவது நின்றது. எது நிறுத்தியது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஒரு வாரத்துக்குப் பிறகு வயிற்றில் துளைபோட்டுத் தண்ணீரில் ஒரு பகுதியை எடுத்தார். வைக்கோல் நிறத்தில் வாளி நிறைய வந்தது. அதற்கு அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்றார். அதற்கு முன் என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"இது திரும்ப உடையும். எப்ப எண்டு எனக்குத் தெரியாது. அண்டைக்கு ஒரு முழுப் புட்டி வேணும். நல்ல இரத்தம். அரைவயித்து ஆளின்ரை தண்ணி இரத்தம் ஏத்தி வேலை இல்லை. இப்பவே ஒரு ஆளைப் பிடிச்சு, வடிவாச் சாப்பாடு குடுத்து, ஆயத்தமா வைச்சிருங்கோ. இரத்தம் உறையாமல் இருக்கப் போடுற உப்பு என்னட்டை முடிஞ்சுது. அதையும் தேடி வைச்சிருங்கோ."

இந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் எவ்வளவு செலவாகும் என்று இப்போது பலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் சொல்லக்கூடியது எங்களுக்கு ஆன செலவை மட்டும்தான். அன்று ஜப்பான்காரன் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டில் சொன்னால் அது உங்களுக்குப் புரியாது. காலையில் இருந்த மதிப்பு அந்த நோட்டுக்கு மாலையில் இருக்காது.

உறையாமல் காக்கும் அந்த உப்புக்கு என் சைக்கிள் போயிற்று. ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பக்கம் ஒரு சீனர் மருந்துக்கடை வைத்திருந்தார். சண்டைக்கு முந்தைய சரக்கு அவரிடம் கொஞ்சம் இருந்தது. நோட்டை அவர் தொடவில்லை. சைக்கிளைத் தூக்கிப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார், உள்ளே போய் ஒரு சின்னப் புட்டியைக் கொண்டுவந்து வைத்தார். இரக்கப்படவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. நான் அந்தப் புட்டியைத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு நடந்து வந்தேன். கட்டுத்துணிக்குப் பாக்கியத்தின் கூறைச் சேலை போயிற்று. அவளே கிழித்துக் கொடுத்தாள்.

ஆள்தான் கிடைக்கவில்லை. என்னோடு ரயில்வேயில் இருந்தவர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். இரண்டு பேருக்கு இரத்தம் திரிந்தது. மற்றவர்களுக்கு மலேரியா. டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

கடைசியில் ஒத்துவந்தது கோபாலுக்கு. தெய்வானையின் சித்தப்பா மகன். தெங்கேராவில் கடலோரத்தில் இறால் வலை இழுக்கிறவன். பெரிய எலும்பு, எலும்பு மட்டும்தான் மிச்சம். பேச்சு குறைவு. டாக்டர் அவன் தோளைப் பிடித்துப் பார்த்தார். "இது நல்ல வீடு. உள்ளுக்கை சாமான்தான் இல்லை. ஒரு மாசம் சாப்பாடு போடுங்கோ" என்றார்.

என்ன சாப்பாடு? சோறு, முட்டை, மீன், முருங்கைக்கீரை, கெராங். கெராங் என்பது தெங்கேராச் சேற்றில் கிடைக்கும் சிப்பி. உடைத்தால் உள்ளே சிவப்பாக இருக்கும். கீரைக்கும் சிப்பிக்கும் உடம்பு வணங்கினால் போதும். சோறும் முட்டையும் எங்கே போவது?

தெய்வானை வீடு வீடாகப் போனார். என்னைக் கூட வரவேண்டாம் என்றார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் அவருடைய சமையல்கட்டில் ஒரு மண்சட்டி இருந்தது. செட்டிக் குடியிருப்பிலிருந்து ஒவ்வொரு வீட்டுப் பெண்ணாக வந்து, ரேஷனில் கிடைத்த அரிசியில் ஒரு பிடி அதில் போட்டுவிட்டுப் போனாள். சிலர் பிடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தன.

எங்கள் வீட்டிலும் ஒரு காரியம் நடந்தது. பாக்கியத்துக்கு உப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உப்பு சேர்ந்தால் வயிற்றில் தண்ணீர் கட்டும். ஊர் முழுவதும் உப்புக்கு அலைந்த காலம் அது. கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்த உப்பை நான் முட்டைக்கு மாற்றினேன். அவளோடு சேர்ந்து நானும் உப்பில்லாமல் தின்னப் பழகினேன். கிழங்கில் உப்பில்லாவிட்டால் ஈர மண்ணைத் தின்பது போல இருக்கும். பழகிவிட்டது.

கோபால் தெய்வானையின் சமையல்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான். நான் ஒரு நாள் முட்டை கொண்டுபோனபோது பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்து, அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வாசலில் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தன. ஒன்றும் கேட்கவில்லை, நின்றன. அவ்வளவு பெரிய முதுகு கூனிப்போயிருந்தது.

"மாலு லா, காக்கா" என்றான். வெட்கமாயிருக்கிறது என்று அர்த்தம்.

"என்ன மாலு?" என்றார் தெய்வானை. "நீயா சாப்பிடற? உன் ரத்தம் சாப்பிடுது. நீ பேசாம இரு."

அவனுக்கு வெட்கத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் நடக்கிறவனை நிறுத்தி லாரியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் உண்டு. எலும்பும் தோலுமாக இருப்பவனை விட்டுவிடுவார்கள். தோள் திரண்டவனை விடமாட்டார்கள். கோபாலின் உடம்பு தேறத் தேற, அவன் வெளியே தலைகாட்ட முடியாமல் போனது. வலைக்குப் போவதை நிறுத்தினான். பகல் முழுவதும் வீட்டுக்குள் உட்கார்ந்து கயிறு முறுக்கினான். எங்களுக்காக அவன் உடம்பில் சதை ஏறியது. அந்தச் சதைதான் அவனைக் காட்டிக்கொடுக்கக்கூடியதாகவும் இருந்தது.

இதெல்லாம் பாக்கியத்துக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் படுத்திருப்பவர்களுக்குக் காது கூர்மை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்காகப் புள்ளைங்க வாயில இருந்து எடுக்கறாங்களா?"

"யார் சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. உண்மையா இல்லையா?"

நான் அவள் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டேன்.

"இனிமே ரத்தம் வந்தா என்னைத் தூக்கிட்டுப் போகாதீங்க. இங்கயே கிடக்கேன். ஒரு புள்ளைய இந்த வயித்துல வெச்சிருக்கேன்னு நெனச்சு எல்லார்கிட்டயும் சொன்னேன். அது இல்லாமப் போச்சு. இப்ப இருக்கற புள்ளைங்க சோத்தையும் நான் திங்கணுமா?"

அன்று மத்தியானம் அவள் எழுந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, வேலியோரமாக மெல்ல நடந்து, தெய்வானையின் சமையல்கட்டு வாசலில் போய் நின்றாள். கோபால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான்.

"தம்பி, நிறுத்திடு" என்றாள் மலாயில். "எனக்கு வேண்டாம். நீ வேலைக்குப் போ."

கோபால் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். யோசித்து யோசித்துப் பேசுகிறவன் அவன்.

"காக்கா, நான் பொறந்ததுல இருந்து இந்த மாதிரி சாப்பிட்டதில்ல" என்றான். "நீங்க பாட்டுக்கு நிறுத்துன்னு சொல்றீங்களே."

பாக்கியம் அவன் தட்டைப் பார்த்தாள். பிறகு பாக்கியம் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். தெய்வானை சிரித்தார். வாசலில் நின்ற பிள்ளைகளும் ஏன் என்று தெரியாமல் சிரித்தன. கோபால் மட்டும் சிரிக்காமல், மிச்சச் சோற்றை உருட்டி வாயில் போட்டான்.

மறுநாளிலிருந்து சிப்பியை உடைத்துக் கழுவிக் கொடுக்கும் வேலையைப் பாக்கியம் எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை. தனக்குள் வரப்போகிற இரத்தத்தை அவளே சமைத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு ஒரு நாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் சொன்ன ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடவே கிடைத்தது. மழை விட்டிருந்த ஒரு காலையில் மறுபடியும் உடைந்தது. இந்தத் தடவை முதல் தடவையைவிட மோசம். பெச்சாவில் அவளைச் சாய்த்துவைத்து நான் பின்னால் தள்ளிக்கொண்டு ஓடினேன். கோபால் கூட வரவேண்டும். வேறு வழி இல்லை. ஒரு சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு, தோளை ஒடுக்கி, கிழவன் போல நடந்தான்.

சந்தியில் காவல் இருந்தது. எல்லோரும் நின்று குனிந்து வணங்கித்தான் போகவேண்டும். நாங்கள் குனிந்தோம். சிப்பாய் கோபாலிடம் வந்து, துப்பாக்கி முனையால் சாக்கை ஒதுக்கி, அவன் கையைப் பார்த்தான். வாயைத் திறந்து ஏதோ கேட்டான். எனக்குத் தெரிந்த ஜப்பானியச் சொல் ஒன்றுதான். ஆஸ்பத்திரி என்று பொருள்படும் 'பியோயின்'. அதைச் சொல்லிக்கொண்டே பெச்சாவைக் காட்டினேன். அவன் திரும்பிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துப் பாக்கியம் மறுபடி இரத்தம் கக்கினாள். அது அவன் பூட்ஸின் பக்கத்தில் விழுந்தது. அவன் ஒரு அடி பின்வாங்கினான். சின்ன வயசுக்காரன். முகம் வெளுத்துவிட்டது. போ போ என்று கையை வீசினான்.

கோபாலைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். மேலே அவன் கை, கீழே புட்டி. ஆள் போதாததால் புட்டியை என் கையில் கொடுத்தார் டாக்டர். இரத்தம் விழ விழ, உள்ளே இருக்கும் மருந்து நீரோடு கலக்கும்படி மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும், நுரைக்கக்கூடாது. தொட்டிலை ஆட்டுவது போல என்றார்.

நான் ஆட்டினேன். கண்ணாடி வழியாகச் சூடு என் உள்ளங்கையில் ஏறியது. இரத்தம் சூடாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு மனிதனுடைய சூட்டை அவனுக்கு வெளியே, ஒரு புட்டியில், கையில் பிடித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அது கனத்துக்கொண்டே வந்தது. கருஞ்சிவப்பாக, பட்டுப் போல வழவழப்பாக. தெய்வானை கொடுத்த அரைப் புட்டி இரத்தம் இப்படி இல்லை. மெலிந்து, நீர்த்து இருந்தது. இதில் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்த வீட்டு அரிசி என்றுகூட என்னால் சொல்ல முடியும். கோயிலில் கர்ப்பக்கிரகத்துக் கதவு திறக்கும்போது நிற்பது போல நின்று ஆட்டிக்கொண்டிருந்தேன்.

புட்டியை எடுத்துக்கொண்டு பாக்கியத்தின் கட்டிலுக்குப் போனேன். கம்பத்தில் மாட்டினார்கள். அவள் உதடு சாம்பல் நிறம். கண்கள் மேலே சொருகியிருந்தன. சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, சுவரில் வெயில் ஏறுவது போல, எப்போது தொடங்கியது என்று தெரியாமல், உதட்டில் நிறம் வந்தது. காதுமடலில் வந்தது. நகக்கண்ணில் வந்தது. அவள் கண்ணைத் திறந்து, "வெயில் அடிக்குதா?" என்று கேட்டாள். "உள்ள சூடா இருக்கு" என்றாள்.

டாக்டர் என் பக்கத்தில்தான் நின்றார். ஒவ்வொரு நாளும் இதே வேலையைச் செய்கிற மனிதர். அவரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"படிக்கேக்கை இதைக் கணக்கா, சொட்டாப் படிச்சனான்" என்றார். "இப்பிடி எண்டு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை."

இரத்தப்போக்கு அடுத்த நாள் நின்றது. பாக்கியம் தேறிவர வெகுகாலம் பிடித்தது. கோபால் பல நாள் தலைசுற்றலோடு கிடந்தான். பிறகு எல்லோரையும் போல மெலிந்து, எல்லோரையும் போலப் பசியோடு, பயமில்லாமல் வலைக்குப் போனான். மெலிந்ததில் அவனுக்குச் சந்தோஷம். சாப்பாடு நின்றதில்தான் வருத்தம். அதை அவனே சொன்னான்.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். வாழைமர நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. அரிசிச் சட்டிக்குக் கைகொடுத்த வீடுகளுக்கு நான் எதையாவது திருப்பித் தர முயன்றேன். ஒருவர்கூட எத்தனை பிடி போட்டோம் என்று சொல்லவில்லை. நினைவில்லை என்றார்கள். பசித்த நாளில் கொடுத்த பிடி அரிசி ஒருவருக்கும் மறந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதும்போது பாக்கியம் இருக்கிறாள். நோயும் இருக்கிறது. வலப்பக்க விலாவுக்குக் கீழே கல்லீரலின் கெட்டியான விளிம்பை டாக்டர் என் கையைப் பிடித்துத் தொடவைத்துக் காட்டியிருக்கிறார். இடப்பக்கத்தில் வீங்கிய மண்ணீரல். அவள் முறுக்கு கடிப்பதில்லை, பாரம் தூக்குவதில்லை. இருமினால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். ஒன்றும் ஆகாவிட்டால் விட்ட இடத்திலிருந்து பேசுவோம்.

"எவ்வளவு காலம் இருப்பாங்க?" என்று ஒரு முறை டாக்டரிடம் கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச கணக்குக்கு அவ இப்ப இல்லை" என்றார். "இருக்கிறா. நான் என்னத்தைச் சொல்லுறது?"

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால், நீங்களும் இதே கேள்வியைக் கேட்பீர்கள். கேட்காமல் இருக்க முடியாது. நாங்கள் அடுத்த தீபாவளி, அதற்கடுத்த தீபாவளி என்று எண்ணுவதை விட்டுவிட்டோம். விரக்தியால் விடவில்லை. காலையில் அவள் கிணற்றடியில் வாளியை வைக்கும் சத்தம் கேட்டால், ஒரு முழு நாள் வந்துவிட்டது என்று எனக்கு நிறைந்துவிடுகிறது. முன்பெல்லாம் வருடங்கள்கூட என்னை அப்படி நிறைத்ததில்லை.

போன தை பிறப்பதற்கு முந்தின நாள், போகியன்று, தெய்வானை எங்களைக் கூப்பிட்டிருந்தார். அன்றைக்குச் செட்டிகள் வீட்டில் பார்ச்சு என்று செய்வார்கள். குடும்பத்தில் இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, வாழை இலை போட்டுப் படைத்து, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கொஞ்சநேரம் அமைதியாகக் காத்திருக்கிற வழக்கம். நடுவீட்டில் இலைகள் வரிசையாகப் போட்டிருந்தன. கணவருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று தெய்வானை சொல்லிச் சொல்லிக் காட்டினார். பாக்கியம் குனிந்து ஒவ்வோர் இலையிலும் பரிமாறிக்கொண்டு போனாள். மெல்லத்தான் குனிவாள், மெல்லத்தான் நிமிர்வாள்.

வரிசை முடியும் இடத்தில் தரையில் கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது. அந்த ஒரு புட்டி இல்லாதிருந்தால் அங்கே அவளுக்கு ஓர் இலை விழுந்திருக்கும். அவள் கரண்டியோடு அங்கே வந்து நின்று, அந்த வெறும் தரையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பசிக்குதுங்க" என்றாள்.